இளைஞரின் தந்தை புனித தொன் போஸ்கோ



நமது யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, யாரை எழுதுவது என்று நாம் அதிக நேரம் யோசிக்கவில்லை. ஆரணி உழைப்பாளிகளின் ஊர். கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த இவ்வூரின் பெயரைச் சொன்னால் பட்டுச் சேலையும் அரிசியும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். விடியுமுன்னே தறிச் சத்தம் கேட்டு எழுந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று என்ன செய்கிறார்கள், எங்கே போகிறார்கள், ஞாயிறு திருப்பலியில் பின் வரிசையில் நின்றுவிட்டு ஆசீருக்கு முன்பே ஏன் வெளியேறி விடுகிறார்கள் என்பதே பங்குக் குருவாகிய நமது அன்றாடக் கவலை. இந்தக் கவலையையே தம் வாழ்வாக்கிக் கொண்ட ஒரு குரு இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் புனித தொன் போஸ்கோ.

தொன் என்பது இத்தாலியர் குருக்களை மரியாதையுடன் அழைக்கும் சொல். நாம் சாமி என்று சொல்வதைப் போன்றது. அவரது முழுப் பெயர் ஜான் போஸ்கோ. அவர் பிறந்த பியேத்மோந்து நாடு ஐரோப்பாவெங்கும் பட்டு நூலுக்குப் பேர்போனது. அங்கே முறுக்கிய பட்டு நூலை லியோன் நகரத்து நெசவாளரும் லண்டன் நகரத்து நெசவாளரும் விரும்பி வாங்கினார்கள். ஆகவே பட்டிழையின் அருமையும் அதன் பின்னே உள்ள உழைப்பும் அந்த மண்ணுக்குப் புதியவை அல்ல.

ஏழைத் தாயின் மகன்

1815-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ம் நாள், காஸ்தெல்நுவோவோ என்ற ஊரை அடுத்த பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஜான் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் ஓர் ஏழை விவசாயி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னே, 1817-ம் ஆண்டு மே மாதத்தில் அவர் நிமோனியா காய்ச்சலால் இறந்து போனார். இளம் விதவையான மார்கரீத்தா அம்மாளின் பொறுப்பில் முதல் தாரத்து மகன் அந்தோணி, தாம் பெற்ற சூசை, ஜான் ஆகிய மூன்று பையன்களும் வயதான மாமியாரும் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், பஞ்ச காலத்திலும் பிள்ளைகளைப் பட்டினியில் விடாமல், செபத்தையும் உழைப்பையும் ஊட்டி வளர்த்தாள்.

ஏறத்தாழ 9 வயதில் ஜான் ஒரு கனவு கண்டார். ஒரு திறந்த வெளியில் சிறுவர் பலர் விளையாடிக் கொண்டும், சண்டையிட்டுக் கொண்டும், கெட்ட வார்த்தை பேசிக் கொண்டும் இருந்தார்கள். ஜான் பாய்ந்து சென்று கை முட்டியால் அவர்களை அடக்கப் பார்த்தார். அப்போது ஒளி பொருந்திய ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, சாந்தத்தாலும் அன்பாலுமே இவர்களை நண்பராக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். மாட்சி நிறைந்த ஓர் அம்மையாரும் தோன்றினார். சிறுவர் நின்ற இடத்தில் முரட்டு மிருகங்கள் தெரிந்தன. பின்பு அவையே சாதுவான ஆட்டுக்குட்டிகளாக மாறின. கனவின் பொருள் சிறுவனுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள ஏறக்குறைய ஒரு முழு ஆயுளே தேவைப்பட்டது.

வேடிக்கை காட்டுவோரிடம் பார்த்துப் பழகிய கயிற்று நடையையும் கைவித்தைகளையும் செய்து காட்டி, ஞாயிறுதோறும் ஊர்ச் சிறுவரைக் கூட்டிய ஜான், வித்தைக்குக் கட்டணமாகச் செபமாலை சொல்ல வைத்தார். காலையில் கேட்ட பிரசங்கத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. நிலத்தில் உழைக்க வேண்டியவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதா என்று அண்ணன் அந்தோணி சீறினான். வேறு வழியின்றி 1828-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக் கடுங்குளிரில், 12 வயது மகனைத் தாயே ஒரு துணிமூட்டையுடன் வெளியே அனுப்பி வைத்தாள். மோல்யா என்ற குடும்பத்தாரின் பண்ணையில் ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஜான் மாடு மேய்த்தார், வயல் வேலை செய்தார். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பின்னர் கலோசோ என்ற முதிய குரு அவருக்கு இலத்தீன் கற்பிக்கத் தொடங்கினார். அவரும் 1830-ல் திடீரென இறந்தார். ஆயினும் ஜான் மனம் தளரவில்லை. படிப்புச் செலவுக்காகத் தையற்காரரிடமும் கொல்லரிடமும் வேலை கற்றார். கியேரி நகரில் படித்த நாட்களில் ஒரு காப்பிக் கடையில் எடுபிடியாக இருந்து, அங்கேயே மாடிப்படிக்கு அடியில் ஓர் இடுக்கில் படுத்துறங்கினார். அந்த ஏழ்மையிலும் சக மாணவரைச் சேர்த்து மகிழ்ச்சிச் சங்கம் என்று ஒன்றை நிறுவினார். கிறிஸ்தவனுக்குத் தகாத பேச்சும் செயலும் கூடாது, கடமையைச் சரிவரச் செய்ய வேண்டும், எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பனவே அதன் சட்டங்கள். 1835-ல் குருமடத்தில் சேர்ந்த அவர், 1841-ம் ஆண்டு ஜூன் 5-ம் நாள் தூரின் நகரில் குருவாக அபிஷேகம் பெற்றார்.

சீட்டியடித்த சிறுவன்

தூரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். கட்டட வேலை பெருகியது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர் கூட்டங்கூட்டமாகக் கொத்து வேலைக்கும், கல் உடைக்கவும், புகைபோக்கி துடைக்கவும் வந்தனர். உறவில்லை, வீடில்லை, எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதும் தெரியாது. தம் ஞான வழிகாட்டியான புனித சூசை கபாசோவுடன் சிறைச்சாலைகளுக்குச் சென்ற தொன் போஸ்கோ, 12 வயது முதல் 18 வயது வரையிலான பையன்கள் கம்பிகளுக்குப் பின்னால் வாடுவதைக் கண்டு திடுக்கிட்டார். விடுதலையாகிச் சென்றவர்களே சில நாட்களில் மறுபடியும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களை விசாரிக்க ஒருவருமில்லை என்பதே காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

1841-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் நாள், அமலோற்பவ அன்னையின் திருநாள். புனித அசிசி பிரான்சிஸ் ஆலயத்தில் திருப்பலிக்கு அவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். திருப்பண்ட அறைக்குள் ஒரு பையன் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தான். பூசைக்கு உதவி செய்ய வருமாறு கோவில்பிள்ளை அழைக்க, தனக்குத் தெரியாது என்றான் அவன். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கோவில்பிள்ளை கழியை எடுத்து அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அதிர்ந்து போனார். அந்தப் பையன் தம் நண்பன் என்றும், உடனே திரும்ப அழைத்து வர வேண்டும் என்றும் கூறிவிட்டார்.

பயந்து நடுங்கி வந்தவனுக்கு ஆறுதல் சொல்லி, திருப்பலி முடிந்த பின் அருகில் அமர்த்திப் பேச்சுக் கொடுத்தார். பெயர் பர்த்தலமேயு கரெல்லி. 16 வயது. கொத்து வேலை. தாயும் இல்லை, தந்தையும் இல்லை. படிக்கத் தெரியுமா என்றால் தெரியாது. பாடத் தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. கடைசியில், சீட்டியடிக்கவாவது தெரியுமா என்று கேட்டார் குரு. பையன் சிரித்து விட்டான். அந்தச் சிரிப்பில் கதவு திறந்தது. இருவரும் முழங்காலிட்டு அருள் நிறை மரியே செபத்தைச் சொன்னார்கள். சிலுவை அடையாளம் வரைவதிலிருந்து மறைக்கல்வி தொடங்கியது. அடுத்த ஞாயிறு அவன் தன் தோழர்களுடன் வந்தான். அப்படித் தொடங்கியதுதான் அவரது இளைஞர் பணி.

இந்த நிகழ்ச்சியை வாசிக்கும்போதெல்லாம் நமது உள்ளம் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் உதவிப் பங்குக் குருவாக இருந்த ஓர் ஊரும் தறி ஊர்தான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் தூங்கி விழுந்தான். இரண்டு முறை எழுப்பியும் மறுபடி தூங்கினான். நாம் அவனை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி வெளியே நிற்க வைத்தோம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. கலியாணத்துக்குத் தர வேண்டிய சேலைக்காக முந்தின இரவு நெடுநேரம் வீட்டில் தார் சுற்றிக் கொடுத்தவன் அவன் என்று உபதேசியார் பிறகுதான் சொன்னார். வீடு தேடிப் போனோம். நம்மைக் கண்டதும் அவன் தறிக்குப் பின்னால் ஒளிந்து கொண்டான். அதன்பின் அந்த வகுப்புக்கு அவன் திரும்பவே இல்லை. அந்தக் கோவில்பிள்ளை கையில் கழி இருந்தது. நமது கையில் மறைக்கல்விப் புத்தகம் இருந்தது. வேறு வித்தியாசம் என்ன என்று இன்றுவரை நம்மை நாமே கேட்டுக் கொள்கிறோம்.

இடம் தேடி அலைந்த கூட்டம்

பையன்கள் பத்து, இருபது, நூறு என்று பெருகினார்கள். பெருகப் பெருக ஊராருக்குத் தொல்லையாகத் தெரிந்தார்கள். 1844 முதல் 1846 வரை அந்தக் கூட்டத்திற்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. கல்லறைக் கோவில் ஒன்றில் கூடினால் அங்கே ஆட்சேபம். மாவு ஆலைகள் பக்கம் போனால் அங்கே புகார். வாடகை அறைகளில் கூடினால் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையீடு. புல்வெளி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். பையன்கள் ஓடி ஆடியதில் புல் வேரோடு அழிகிறது என்று உரிமையாளர்கள் அதையும் மறுத்தார்கள். நகர அதிகாரிகள் கலகக் கூட்டமோ என்று சந்தேகித்தனர். பங்குக் குருக்களும் வருந்தினர்: தங்கள் ஆலயத்திற்கு வர வேண்டிய பிள்ளைகளை இவர் இழுத்துக்கொண்டு போகிறாரே என்று. இவர்களில் பெரும்பாலோர் வெளியூரார், தம் பங்கு எது என்றே அறியாதவர்கள் என்று தொன் போஸ்கோ பணிவுடன் விளக்கினார்.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடப் பேச்சுப் பரவியது. இரண்டு குருக்கள் அவரை மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வண்டியுடன் வந்தனர். அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, பெரியவர்கள் முதலில் ஏற வேண்டும் என்று மரியாதை காட்டி, அவர்கள் ஏறியதும் கதவைச் சாத்தி வண்டியை மருத்துவமனைக்கே ஓட்டச் சொல்லிவிட்டார். சிரிப்புக்கிடமான இந்தக் கதைக்குப் பின்னே எவ்வளவு தனிமை இருந்திருக்கும்! புல்வெளியும் பறிபோன அந்த நாளில், விளையாடும் பையன்களைப் பார்த்தபடி தனியே நின்று அவர் கண்ணீர் விட்டார். அந்த நேரத்தில்தான் வால்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவருக்குச் சொந்தமான ஒரு கொட்டகை பற்றிய செய்தி வந்தது. கூரை தாழ்வாக இருந்ததால் தரையைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டியிருந்தது. 1846-ம் ஆண்டு ஏப்ரல் 12-ம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று அங்கே முதல் திருப்பலி நிறைவேறியது. இன்று பேராலயமும் பள்ளிகளும் சூழ நிற்கும் வால்தொக்கோவின் தொடக்கம் அந்தக் கொட்டகைதான்.

மார்கரீத்தா அம்மாள்

அதே ஆண்டு ஜூலையில் ஓய்வற்ற உழைப்பால் தொன் போஸ்கோ சாகக் கிடந்தார். கொத்தனார் பையன்கள் வேலைக்கிடையே ஒருசந்தி இருந்து, முறை போட்டு மாதாவின் திருத்தலத்தில் மன்றாடினார்கள். அவர் பிழைத்தெழுந்தார், இனித் தம் மூச்சு இளைஞருக்கே என்று உறுதி பூண்டார். நவம்பர் 3-ம் நாள் தூரினுக்குத் திரும்பியபோது 58 வயதுத் தாயும் உடன் வந்தாள். சொந்த வீட்டில் பேரப்பிள்ளைகளோடு அமைதியாக இருக்க வேண்டிய வயதில், ஊரான் பிள்ளைகளுக்குத் தாயாக வந்தாள். தன் கலியாணத்து நகையையும் துணியையும் விற்று அவர்களுக்குச் செலவழித்தாள்.

முதலில் தங்க இடம் கொடுக்கப்பட்ட பையன்கள் போர்வைகளைத் திருடிக்கொண்டு இரவோடிரவாக ஓடிப்போனார்கள். அதற்காகக் கதவு அடைபடவில்லை. 1847-ம் ஆண்டு மே மாதம் ஒரு மழை இரவில், நனைந்து நடுங்கிய ஓர் அனாதைப் பையன் வந்து நின்றான். அம்மாள் அடுப்படியில் அவனுக்குப் படுக்கை விரித்தாள். உழைப்பையும் செபத்தையும் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லித் தூங்க வைத்தாள். சலேசிய இல்லங்களில் இரவுதோறும் மாணவருக்குச் சொல்லப்படும் நல்லிரவு உரை அந்த அடுப்படியில் பிறந்தது.

ஒரு நாள் பையன்கள் போர் விளையாட்டு விளையாடி, அவள் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கிவிட்டார்கள். மனம் நொந்த அம்மாள், ஊருக்கே திரும்பிவிடுவதாக மகனிடம் சொன்னாள். மகன் பதில் எதுவும் பேசவில்லை; சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக் காட்டினார். தாய் கண் கலங்கி, மீண்டும் முன்றானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். 1856-ம் ஆண்டு நவம்பர் 25-ல் இறக்கும்வரை அவள் ஊருக்குத் திரும்பவில்லை. நம் பங்குத் தாய்மார்களே, குருமடம் சென்று படிக்காமலே இளைஞர் பணியில் தேறிய முதல் ஆசிரியை இவள்தான் எனலாம்.

முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம்

தொன் போஸ்கோ ஞாயிறு மட்டும் பையன்களைக் கூட்டிச் செபம் சொல்லி அனுப்பிவிடவில்லை. வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் சாரத்துக்கும் பட்டறைக்கும் போனார். முதலாளிகளிடம் நலம் விசாரித்தார். கையெழுத்தில்லாத வாய்ப்பேச்சில் பிள்ளைகள் ஏமாற்றப்படுவதைக் கண்டு, தொழில் பழகும் பையனுக்காக முதலாளியுடன் எழுத்து ஒப்பந்தம் செய்யலானார். 1852-ம் ஆண்டு பிப்ரவரி 8-ம் நாள், ஒரு தச்சு முதலாளியுடன் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும்; தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கலாகாது; தவறினால் வார்த்தையால் திருத்த வேண்டுமேயன்றி அடிக்கலாகாது; ஞாயிறும் திருநாளும் ஓய்வு தர வேண்டும்; ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை தர வேண்டும்; கூலியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பையனும் கீழ்ப்படிந்து உழைக்க வேண்டும். அவனது நடத்தைக்குத் தொன் போஸ்கோ பொறுப்பேற்றார்.

தொழிலாளர் சட்டங்கள் பெரிதாக இல்லாத காலத்தில், ஏழைக் குரு ஒருவர் செய்த காரியம் இது! நம் நெசவு ஊர்களில் ஒரு காலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியருகே உட்கார்ந்து கரைப்பக்கம் நாடா தள்ளிக் கொடுக்கும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-ல் திருத்தப்பட்டு, 14 வயதுக்குட்பட்டோரைப் பொதுவாக எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றாயிற்று. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவ மட்டுமே இடமுண்டு. சட்டம் வருமுன்னே நம்மில் எத்தனை பேர் பிள்ளையின் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசினோம்?

வெளிப் பட்டறைகளின் சூழல் பல பையன்களைக் கெடுப்பதைக் கண்ட அவர், 1853-ல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறைகளைத் திறந்தார். பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, இரும்பு வேலை என்று அவை பெருகின. இன்று உலகெங்கும் உள்ள சலேசியத் தொழிற்பள்ளிகளுக்கு அவையே வித்து.

ஒரு நாள் வாழ்க்கை

புனிதர் என்றதும் காட்சிகளும் புதுமைகளுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. தொன் போஸ்கோவின் புனிதம் பெரும்பாலும் அவரது சாதாரண நாட்களிலேயே இருந்தது. விடியற்காலையில் எழுவார். பையன்கள் திருப்பலிக்குக் கூடும் முன்பே ஒப்புரவு அருட்சாதனத்துக்காக உட்கார்ந்துவிடுவார். வரிசை முடியும்வரை எழமாட்டார். பின் எளிய காலை உணவு. முற்பகலெல்லாம் பார்க்க வந்தோர்: வேலை கேட்பவர், மகனைச் சேர்க்க வந்த விதவை, கடனைத் திருப்பிக் கேட்க வந்த ரொட்டிக் கடைக்காரர். கடன் அவரை விட்டு நீங்கியதே இல்லை. பிற்பகலில் உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதுவார்.

மணி அடித்து விளையாட்டு தொடங்கியதும் முற்றத்தில் இருப்பார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பையன்களோடு ஓடுவார். ஓட்டத்தின் நடுவே ஒருவனை நெருங்கி, அவன் காதில் மட்டும் ஒரு வார்த்தை சொல்வார். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அது அவனுக்கென்றே சொன்ன வார்த்தை. பல பையன்கள் அந்த ஒரு சொல்லை முதுமை வரை மறக்கவில்லை. மாலையில் வேலை முடித்து வருவோருக்கு இரவுப் பள்ளி. எல்லோரும் தூங்கிய பின் தாயும் மகனும் கிழிந்த உடைகளைத் தைப்பார்கள். அதன் பிறகு விளக்கடியில் எழுத்து. இளைஞருக்குச் செபப் புத்தகம் எழுதினார். வேத வரலாறு எழுதினார். நாட்டில் புதிய மீட்டர், கிலோ அளவுமுறை வரப்போகிறது என்று தெரிந்ததும், தொழிலாளப் பிள்ளைகள் கணக்கில் ஏமாறக் கூடாதென்று 1849-ல் அதைப் பற்றியும் எளிய நூல் எழுதினார். ஆன்மாவைப் பற்றிய கவலையும் அளவுகோலைப் பற்றிய கவலையும் அவருக்கு இரண்டல்ல.

இந்த வாழ்க்கையிலிருந்தே அவரது கல்விமுறை உருவாயிற்று. 1877-ல் அதைச் சுருக்கமாக எழுதினார். தவறு நடந்தபின் தண்டிப்பதை விட, தவறாதபடி அருகிலிருந்து காப்பதே சிறந்தது என்பது அதன் அடிப்படை. அறிவு, சமயம், அன்பு என்ற மூன்று தூண்களில் அது நிற்கிறது.

துணியும் தையற்காரரும்

1854-ம் ஆண்டு அக்டோபரில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் வந்தான். பெயர் தோமினிக் சாவியோ. தாய் தையல் வேலை செய்தவள். தான் ஒரு துணி என்றும், தொன் போஸ்கோ தையற்காரராயிருந்து ஆண்டவருக்கு ஏற்ற நல்ல ஆடையாகத் தன்னைத் தைத்துத் தர வேண்டும் என்றும் அவன் கேட்டுக் கொண்டான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக விளங்கும் உவமை ஏது! புனிதனாக வேண்டும் என்ற ஆவலில் அவன் கடுந்தவம் செய்யத் தொடங்கியபோது தொன் போஸ்கோ தடுத்தார். எப்போதும் மகிழ்ச்சியாயிரு, படிப்பையும் செபத்தையும் ஒழுங்காகச் செய், தோழருக்கு உதவு. இது போதும் என்றார். 1857-ம் ஆண்டு மார்ச் 9-ம் நாள், 15 வயது நிரம்பும் முன்னே அவன் இறந்தான். 1954-ல் திருச்சபை அவனைப் புனிதனாக உயர்த்தியது.

மற்றொரு சிறுவன் மிக்கேல் ரூவா. தந்தையை இழந்தவன். ஒரு நாள் பதக்கங்கள் வழங்கும்போது அவனுக்குக் கிடைக்கவில்லை. தொன் போஸ்கோ தம் இடது கையை நீட்டி, வலது கையால் அதைப் பாதியாக வெட்டித் தருவது போலக் காட்டினார். சிறுவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இனி எல்லாவற்றிலும் நாம் இருவரும் பாதிப் பாதி என்பதே பொருள் என்று பின்னாளில் விளக்கினார். 1859-ம் ஆண்டு டிசம்பர் 18-ம் நாள் சலேசிய சபை தோன்றியபோது அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் வளர்த்த இளைஞரே. 1872-ல் புனித மரிய மசரெல்லோவுடன் சேர்ந்து, பெண் பிள்ளைகளுக்காகச் சகாய அன்னையின் புதல்வியர் சபையையும் நிறுவினார்.

துன்பம் அவரை விடவில்லை. தம் பேராயருடனேயே பல ஆண்டுகள் மனவேற்றுமை நீடித்தது. கடைசியில் கீழ்ப்படிந்து பணிந்தார். அதைவிட வேறொன்று அவரை வருத்தியது. 1884-ம் ஆண்டு மே மாதம் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். வால்தொக்கோவில் பையன்கள் ஒரு பக்கமும் குருக்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதை உணர்ந்து எழுதிய கடிதம் அது. இளைஞரை நேசிப்பது மட்டும் போதாது. தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பதை அவர்களே உணர வேண்டும் என்பதே அதன் சாரம். அவர் கட்டிய வீட்டிலேயே, அவர் கண்ணெதிரிலேயே அன்பு ஆறத் தொடங்கியது என்றால், நமது பங்கில் அது ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

அதே ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் ஒருவர் அவரைச் சோதித்தார். வார நாளிலும் ஞாயிறிலும் இடைவிடாமல் உடுத்தி நைந்துபோன ஆடையைப் போல அவர் உடல் இருப்பதாகவும், மடித்துப் பெட்டியில் வைப்பதே அதற்கு ஒரே வழி என்றும் கூறினார். அது ஒன்று மட்டும் தம்மால் ஆகாது என்பதுபோல் தொன் போஸ்கோ பணியைத் தொடர்ந்தார். 1887-ம் ஆண்டு மே மாதம், தாம் பிச்சையெடுத்துக் கட்டிய உரோமை இருதய ஆண்டவர் ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போது பலமுறை அழுதார். 9 வயதில் கண்ட கனவின் பொருள் அப்போதுதான் முழுவதும் விளங்கியதாம். 1888-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள் அதிகாலையில், 72-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1934-ம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை 11-ம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் மண்ணில் அவர் பிள்ளைகள்

பாதிப் பாதி என்று கை காட்டப்பட்ட அந்த மிக்கேல் ரூவாதான் அவருக்குப்பின் சபைத் தலைவரானார். அவர் காலத்தில்தான், 1906-ம் ஆண்டு ஜனவரி மாதம், முதல் சலேசியர் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தனர். தஞ்சையில் பணியாற்றிய மெதர்லே ஆண்டகை 1928-ல் சென்னைப் பேராயரானார். 1934-ல் நம் வேலூருக்கு அருகேயுள்ள பள்ளிகொண்டாவில் காலமானார். அவருக்குப்பின் சலேசியரான லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை 1935 முதல் 1965 வரை பேராயராக இருந்தார். 1952-ல் நமது வேலூர் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக வந்த மரியசெல்வம் ஆண்டகையும் சலேசியரே. ஆக, வால்தொக்கோக் கொட்டகையில் பற்றிய நெருப்பிலிருந்துதான் நம் பகுதியின் விளக்குகளில் பலவும் ஏற்றப்பட்டன.

நமது பங்கிற்கு

இப்போது நம்மைப் பார்ப்போம். நம் இளைஞர் பலர் தறியை விட்டுவிட்டார்கள். சிலர் செய்யாற்றுக் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். சிலர் சென்னையில் நான்கைந்து பேராக ஓர் அறையில் தங்கியிருக்கிறார்கள். அன்று தூரினுக்கு வந்த கொத்தனார் பையனும் இன்று ஆரணியிலிருந்து போகும் பையனும் ஒருவரே அல்லவா? ஊரில் இருப்பவரோ மாலையில் கைப்பேசியோடு தெருமுனையில் நிற்கிறார்கள். அவர்கள் ஏன் கோவில் வளாகத்துக்கு வருவதில்லை என்று நாம் அன்பியக் கூட்டங்களில் குறைப்பட்டுக் கொள்கிறோம்.

ஓர் உண்மையை இந்த மலரில் நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். பந்து பட்டுக் கண்ணாடி உடைகிறது, பூச்செடிகள் மிதிபடுகின்றன என்று சொல்லி, மாலையில் வளாகக் கதவைப் பூட்டச் சொன்னது நாமேதான். கண்ணாடி தப்பியது, பிள்ளைகள் போய்விட்டார்கள். இந்தக் கட்டுரைக்காகத் தொன் போஸ்கோவின் வரலாற்றை மறுபடியும் வாசித்தபோது, மார்கரீத்தா அம்மாளின் காய்கறித் தோட்டம் வந்த இடத்தில் நம்மால் மேலே வாசிக்க முடியவில்லை. யூபிலித் திருப்பலி முடிந்த மறுநாள் முதல், மாலை 5 மணிக்குக் கதவு திறந்திருக்கும். நாமும் அங்கே இருப்போம். பழைய முழங்கால் வலி ஓட விடாது. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவாவது செய்வோம்.

பங்கு மக்களே, உங்களிடம் நாம் கேட்பதும் பெரிதல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மாலை கணக்குச் சொல்லித் தரலாம். சென்னையில் வேலை செய்வோர், புதிதாக அங்கே வரும் நம் பிள்ளைக்கு நல்ல அறையும் அருகிலுள்ள கோவிலும் காட்டலாம். முதலாளிகளாக இருப்போர், தம்மிடம் வேலை பழகும் இளைஞனைத் தம் மகனாக எண்ணலாம். நெசவு தெரிந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால், கவனியாமல் நெய்துகொண்டே போனால் சேலை முழுதும் குறை ஓடும். தறியை நிறுத்தி, குனிந்து, அந்த ஓர் இழையைத் தேடி எடுத்து முடிபோட வேண்டும். தொன் போஸ்கோ செய்ததெல்லாம் இவ்வளவே. தம் வாழ்நாள் முழுவதும் ஒவ்வோர் இழைக்காகவும் தறியை நிறுத்தினார்.

இளைஞரின் தந்தையாகிய புனித தொன் போஸ்கோ நம் பங்கின் ஆண் பிள்ளைகளுக்காகவும் பெண் பிள்ளைகளுக்காகவும் இறைவனிடம் மன்றாடுவாராக. கிறிஸ்தவர்களின் சகாயமான அன்னை நம் ஒவ்வொரு குடும்பத்தையும் தம் அரவணைப்பில் காப்பாராக. யூபிலி ஆசீர் உங்கள் அனைவர்மீதும் நிறைவாகத் தங்குவதாக.